துண்டு போட்ட இடம்

மாட்டுத்தாவணியில் நேரக் காப்பாளர் நான்.
பச்சை மையில் வருகை, நீல மையில் புறப்பாடு.
பதினொரு வருடத்தில்
என் ஏட்டில் ஏறாமல்
எந்த வண்டியும் வெளியே போனதில்லை.

சித்திரை பிறந்த அன்று சிகரெட்டை விட்டேன்.
சபதமெல்லாம் இல்லை.
மாடிப்படி ஏறி நின்றபோது
நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதினார்கள்.
நடத்துநர் விசில் இல்லை அது.
அவ்வளவுதான்.

காபியை விடவில்லை.
ஒன்றை விட்டவன் இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம் என்று
எனக்கு நானே போட்ட ஒப்பந்தம்.
சோலைராசு கடையில் அதே ஆறு கிளாஸ்,
தூளில் அதே பாதிச் சிக்கரி,
கடைசிக் கிளாஸ் அதே ஏழு மணிக்கு,
தூத்துக்குடி வண்டி பின்னால் நகரும்போது.

பத்தாம் நாள்
ஒத்தக்கடை வீட்டில் மல்லாந்து கிடக்கிறேன்.
இரண்டு பத்து. திருச்சி.
இரண்டு நாற்பது. காரைக்குடி. ஹாரன் கரகரக்கிறது,
டிப்போவில் சொல்ல வேண்டும்.
மூன்று. யானைமலை இருட்டில் படுத்திருக்கிறது.
அதற்கென்ன, காபி குடிக்காத யானை.
எனக்கு விரல் நுனி நடுங்குகிறது. இதயம்
போட்டி போட்டு ஓடும் தனியார் வண்டி.

மங்கையற்கரசி புரண்டு படுத்துச் சொன்னாள்:
"சிகரெட்ட நெனச்சு ஏங்குறீக."
நானும் அப்படித்தான் நம்பினேன்.

தூக்க மாத்திரை கேட்டுப் போனேன்.
டாக்டர் சீட்டு இல்லாமல் கிடையாது என்றாள்
மருந்துக் கடை ஜெசிந்தா.
பிறகு, அட்டைகளை ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டே,
"காபி எத்தன?"
"அதே ஆறு."
"சிகரெட்?"
"விட்டாச்சு."
கை நின்றது. சிரித்தாள்.
"அப்ப அது பன்னெண்டு, அண்ணே."

கல்லீரலில் ஒரு நொதியாம்.
காஃபீனை உடைத்து அனுப்புவது அதன் வேலை.
புகை பட்டால் வேகம் பிடிக்குமாம்.
புகை நின்று ஒரு வாரத்தில்
நிதான நடைக்கு இறங்கிவிடுமாம்.
மூன்று மணி நேரத்தில் பாதியாய்க் குறைந்தது
இப்போது ஆறு மணி நேரம் எடுக்கிறது.
ஏழு மணிக் கிளாஸில் பாதி
ராத்திரி ஒரு மணிக்கும் எனக்குள் நிற்கிறது.

கணக்கு புரிந்தது. வண்டி அதே வண்டி.
புறப்பாடுதான் தாமதம்.

அடினோசின் என்று ஒன்று உண்டாம்.
விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் மூளையில் சேர்வது,
உட்கார இடம் கிடைத்தால் நமக்குக் கண் சொக்கும்.
காஃபீன் பார்க்க அதே சாயல்.
முந்தி ஓடி, ஜன்னல் வழியே
துண்டைப் போட்டு வைத்துவிடும்.
தூக்கம் மொத்தமும் படிக்கட்டில் தொங்குகிறது
அழகர் இறங்கும் நாள் கூட்டம்போல.
துண்டுக்காரன் எழுந்து போனதும் பார்க்க வேண்டுமே,
மறுநாள் மத்தியானம்,
ஒரே தள்ளுமுள்ளு,
ஏட்டின் மேல் என் தலை.

ஒன்று மட்டும் உறுத்தியது.
இத்தனை வருடமும்
நெஞ்சைக் கரித்துக்கொண்டிருந்த புகைதான்
ராத்திரிக்கு ராத்திரி காபியை விரட்டி
என்னைத் தூங்க வைத்திருக்கிறது.
அதற்கு நன்றி சொல்வதா?
வீட்டைத் திருடிக்கொண்டே
நாய்க்குச் சோறு வைத்தவனுக்கு
என்ன மரியாதையோ அது.

படி இறங்கும்போது ஜெசிந்தா கூப்பிட்டுக் கேட்டாள்:
"அக்கா இரும்புச்சத்து மாத்திரைய எதுல முழுங்குறாங்க?"
காபியில்.
காலையில் நான் போட்டுக் கொடுக்கிற காபியில்.
இரும்பைப் பிடித்துக்கொள்ளுமாம் அது,
ரத்தத்துக்குள் ஏறவிடாதாம்.
எட்டு மாதமாய் மாத்திரை,
எட்டு மாதமாய் அவள் நகம் வெளுத்தே இருக்கிறது.
எந்த ஏட்டிலும் நான் எழுதாத தாமதம்.

இப்போது இரண்டு கிளாஸ், மத்தியானத்தோடு சரி.
முதல் மூன்று நாள் மண்டை பிளந்தது.
சோலைராசு கோபத்தில்
சில்லறையைக் கையில் தராமல் மேசையில் வைக்கிறான்.
வீட்டில், மாத்திரைக்கு எலுமிச்சம்பழத் தண்ணீர்.
காபி, நான் கடிகாரம் பார்த்துச் சொன்ன பிறகு.
"இங்கயும் டைம் கீப்பர் வேலையா?" என்கிறாள்.

நேற்று, இரண்டு பத்து திருச்சி
போனதா என்று தெரியவில்லை.